சூரியன் மறைந்த நாட்களில் நாங்கள் எங்கே இருந்தோம்?

1871 டிசம்பர் 12 காலை யாழ்ப்பாணத்தில் சூரியன் முழுதாக மறைந்தது. அதைப் பார்ப்பதற்கென்று இங்கிலாந்திலிருந்து ஒரு கூட்டமே கப்பலேறி வந்திருந்தது. தலைவர் நோர்மன் லொக்கியர். சூரியனில் ஹீலியம் இருப்பதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், ‘நேச்சர்’ சஞ்சிகையைத் தொடங்கியவர். ‘மிர்சாப்பூர்’ என்ற நீராவிக் கப்பலில் காலித் துறைமுகத்துக்கு வந்திறங்கி, அங்கிருந்து குழுக்களாகப் பிரிந்தார்கள். லொக்கியர் மலபார்க் கரையில் பேக்கல் கோட்டைக்குப் போனார். இன்னொரு குழு புதுக்கோட்டைக்கு. ஒன்று திருகோணமலைக்கு, ஒன்று யாழ்ப்பாணத்துக்கு. திருகோணமலைக் குழுவில் இருந்த மோஸ்லி என்ற இளைஞர் அடுத்த வருடமே ‘சலஞ்சர்’ கப்பலில் ஏறி உலகக் கடல்களைச் சுற்றப் போய்ப் பெயர் பெற்றவர். யாழ்ப்பாணத்தில் ஹொக் என்ற படை அதிகாரி புகைப்படங்கள் எடுத்தார். மறைந்த சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிமுடியின் படங்கள் அவை. இந்த ஒளிமுடிக்கு ஆங்கிலத்தில் கொரோனா என்று பெயர். 2020க்குப் பிறகு அந்தச் சொல்லை அழகான ஒன்றுக்குப் பயன்படுத்தவே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அறிவியல் வரலாற்றைத் தேடி வாசிக்கிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்கும். எந்தக் கருவி, எந்தக் கண்ணாடி, எத்தனை தட்டுப் படம் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். கிடைக்காத ஒன்று இருக்கிறது. அந்தக் காலையில் வண்ணார்பண்ணையிலும் நல்லூரிலும் இருந்த சனம் என்ன செய்தது? ஆறுமுக நாவலர் உயிரோடிருந்த காலம். அச்சுக்கூடங்கள் இருந்தன, பத்திரிகை இருந்தது, பஞ்சாங்கம் இருந்தது. ஆனாலும் எங்களுடைய வானத்தில் நடந்த ஒன்றை நாங்கள் இன்றைக்கு மற்றவர்களின் குறிப்பேட்டின் வழியாகத்தான் பார்க்கிறோம்.

அந்தச் சனத்துக்குக் கிரகணம் புதினமான விசயம் இல்லை. எப்ப வரும் எண்டு அவர்களுக்கு முதலே தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் பஞ்சாங்கக்காரர்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கைப் பற்றிப் பேச வேண்டும். வட்டுக்கோட்டைப் பக்கம் அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்றொருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கணிப்பில் பெரிய பெயர். வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளுக்கு அவர் ஒரு தலையிடி. சமயத்தை விட்டாலும் சனம் பஞ்சாங்கத்தை விடாது என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. 1829 மார்ச் 20ஆம் திகதி ஒரு சந்திர கிரகணம். சாஸ்திரியார் நேரம் கணித்துப் போட்டார். செமினரியின் தலைவர் டானியல் பூவர் தங்களுடைய முறைப்படி கணித்து, பஞ்சாங்கத்தில் கால் மணி நேரமளவு பிழை இருக்கிறது என்று முன்கூட்டியே அறிவித்தார். அன்று இரவு ஆட்கள் கூடி நின்று பார்க்க, மிஷனரிகளின் நேரத்துக்கே நிழல் விழுந்தது. பிறகு மிஷன் பக்கத்து எழுத்துகளில் இது ஒரு வெற்றிக் கதையாகத் திரும்பத் திரும்ப வந்தது.

நாங்கள் இந்தக் கதையை வாசிக்கிறபோது வேறொரு பக்கம்தான் கண்ணில் படுகிறது. ஐரோப்பிய அட்டவணைகளோ தொலைநோக்கியோ இல்லாமல், மனப்பாடமாக வந்த வாக்கியங்களை வைத்துக்கொண்டு ஒருவர் கிரகணம் வரும் இரவைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். பிழைத்தது கால் மணி நேரம்! இந்த வாக்கிய முறையே ஒரு அதிசயம்தான். எண்களை எழுத்துகளாக மாற்றி, எழுத்துகளைச் சொற்றொடர்களாக்கி, அவற்றைப் பாடமாக்கி வைத்திருப்பார்கள். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். ஜோன் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்ததை 1825இல் வந்த தன்னுடைய ‘கால சங்கலித’ நூலில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோகிகளைப் பரப்பி வைத்து, நகர்த்தி நகர்த்தி, ஒரு எழுத்தும் எழுதாமல், வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். தொடக்க நேரத்தில் நாலு நிமிடமளவுதான் பிழை. முடிவு நேரத்தில் ஐம்பது நிமிடத்தைத் தாண்டிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாக்கியம் பழையது, சந்திரன் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, இடையில் திருத்துவார் இல்லை. பிழை அப்படித்தான் சேர்ந்தது.

வட்டுக்கோட்டையிலேயே பிறகு ஒரு நல்ல காரியமும் நடந்தது. பூவருக்குப் பின் செமினரிக்குப் பொறுப்பாக வந்த ஹொய்சிங்டன், இந்தக் கணிப்பு முறையை உட்கார்ந்து படித்தார். 1848இல் அதை மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். அவருடைய நோக்கமும் மறுப்பதுதான். ஆனால் மறுப்பதற்காகவேனும் முழுதாகப் படித்தார். இன்றைக்கு முகநூலில் பஞ்சாங்கத்தைத் திட்டுகிற எங்களில் எத்தனை பேர் ஒரு பக்கத்தையாவது கணக்காக வாசித்திருக்கிறோம்? அதில் வருகிற ராகுவும் கேதுவும் கதையில் பாம்புகள், கணக்கில் இரண்டு புள்ளிகள். சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகிற இடங்கள். பாம்பு கவ்வுது என்று அம்மம்மா சொல்வதும் வானியல் பாடத்தில் படிப்பதும் ஒரே இடத்தைத்தான். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். வருடப் பிறப்புக்கே ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு நேரம் மருத்துநீர் வைக்கிறது இதனால்தான்.

1955 ஜூன் 20 கிரகணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 20ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அது. பிலிப்பைன்ஸ் பக்கக் கடலில் 7 நிமிடம் 8 விநாடி நீடித்தது. இலங்கையில் தீவின் நடுவால் நிழல் போனது. பொலன்னறுவை, ஹிங்குராக்கொட பக்கம் வெளிநாட்டு விஞ்ஞானிகள் கருவிகளோடு கூடாரம் அடித்துக் காத்திருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு மேகம்தான் தெரிந்தது. சிங்களச் சனம் அந்தக் கிரகணத்தை நினைவு வைத்திருப்பது வேறு காரணத்துக்கு. கிரகண நேரம் வசம்பு அரைத்துக் குடித்தால் பெண்கள் வெள்ளையாவார்கள் என்று ஒரு கதை பரவி, குடித்த பல பேர் வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிரிக்கத் தோன்றும். வெள்ளையாக்கும் கிறீம் இன்றைக்கும் ஒவ்வொரு கடையிலும் கிடக்கு.

இனி எங்களுடைய நினைவுக்கும் எங்கள் வீடுகளின் நினைவுக்கும் எட்டுகிற கிரகணங்களுக்கு வருகிறோம்.

1995 ஒக்டோபர் 24. முதல் நாள் தீபாவளி. ஆக்ராவுக்கும் வங்காளத்துக்கும் மேலால் முழுக் கிரகணம் போனது, எங்களுக்குப் பகுதிக் கிரகணம். ஆனால் ஒக்டோபர் 17ஆம் திகதியே ரிவிரெச படை நடவடிக்கை தொடங்கிவிட்டது. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்குச் சூரியக் கதிர் என்று பொருள். இதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் ஒன்றும் எழுதத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம், கிரகணச் செய்தி பஞ்சாங்கத்திலிருந்துதான். எங்களில் ஒருவரின் அம்மாவிடம் அந்தக் காலையைப் பற்றிக் கேட்டோம். “அண்டைக்கு ஆருக்குப் பிள்ளை கிரகணத்தில பயம்? வானத்தைப் பார்த்தனாங்கள்தான். பொம்பர் வருதோ எண்டு பார்த்தனாங்கள்.” ஆறு நாள் கழித்து, 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தது. அந்த அம்மாவிடம் வருடங்களுக்குக் கணக்கு கிரகணம் இல்லை. இடம்பெயர்வுக்கு முந்தி, இடம்பெயர்வுக்குப் பிந்தி. அவ்வளவுதான்.

அடுத்தது 2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு மறுநாள். தை அமாவாசை. இது வளையக் கிரகணம்: சந்திரன் தூரத்தில் நிற்பதால் சூரியனை முழுதாக மூடாது, ஓரம் வளையலாக மிஞ்சும். இந்த ஆயிரம் வருடத்திலேயே மிக நீண்ட வளையக் கிரகணம் அதுதான், உச்சத்தில் 11 நிமிடம் 8 விநாடி. இலங்கையின் வடக்கில் மத்தியானம் ஒன்றேகால் தாண்டிப் பத்து நிமிடமளவு வளையம் நின்றது. யுத்தம் முடிந்து எட்டு மாதம். ஜனாதிபதித் தேர்தலுக்கு பதினொரு நாள். வெளிநாடுகளிலிருந்தும் தெற்கிலிருந்தும் பார்க்க வந்தார்கள், யாழ்ப்பாணம் திடீரென்று ஒரு பார்வையிடமானது. அந்த நேரம் செட்டிகுளம் மெனிக் பாமில் இன்னமும் பல்லாயிரம் சனம் கூடாரங்களில்.

எங்கள் நண்பி ஒருத்தி அங்கே இருந்தாள், பன்னிரண்டு வயது. அவளுக்குக் கிரகணம் என்று யாரும் சொல்லவில்லையாம். கூடாரத்து றபர் சீட் பழசு, எங்கும் சின்னச் சின்ன ஓட்டை. வழமையாக மத்தியானத்தில் அந்த ஓட்டைகளால் விழும் வெளிச்சம் நிலத்தில் வட்டப் பொட்டாக இருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு பொட்டும் முதலில் பிறையானது, பிறகு வளையமானது. “நூறு மோதிரம் நிலத்தில கிடந்த மாதிரி” என்றாள். தம்பி அதைப் பொறுக்கப் பார்த்தானாம். அம்மா ஒரு மூலையில் அமாவாசை விரதத்துக்கு என்ன செய்வது என்று இருந்தார். அவர்களின் அப்பா அதற்கு முந்திய வைகாசியோடு இல்லை. இறந்தார் என்று சொல்ல ஒரு கடிதமும் இல்லை. அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்தால் அவர் செத்துப்போனார் என்று தாங்களே முடிவு கட்டியதாகிவிடும், செய்யாவிட்டால் அதுவும் ஒரு பாரம். அந்தத் தை அமாவாசையில் வடக்கில் எத்தனை வீடுகளில், எத்தனை கூடாரங்களில் இந்தக் கேள்வி இருந்திருக்கும்! லொக்கியர் குழுவின் குறிப்பேடுகளைப் போல இதற்கு ஒரு குறிப்பேடு இல்லை.

ஊசித்துளையால் சூரியனின் உருவம் விழும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நாங்கள் எல்லோரும் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறோம். அவள் மட்டும்தான் அதைக் கண்டிருக்கிறாள்.

2019 டிசம்பர் 26 வியாழக்கிழமைக்கு வருகிறோம். நத்தாருக்கு மறுநாள், பள்ளிக்கூட விடுமுறை. இந்த முறையும் வளையக் கிரகணம், இந்த முறையும் பாதை வடக்கால். கோண்டாவிலில் எங்களில் ஒருவரின் வீட்டில் கூடினோம். மட்டக்களப்பிலிருந்து ஒருவர், ஹற்றனிலிருந்து ஒரு தம்பதி, புத்தளத்திலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து கிரகணக் கண்ணாடிகளோடு இரண்டு பேர். மெனிக் பாம் நண்பியும் வந்திருந்தாள். பதினொரு பேருக்கு நாலு கண்ணாடி.

வீட்டு அம்மம்மா முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். எட்டு மணிக்கு முதல் சாப்பிட்டு முடிக்க வேண்டும், பிறகு கிரகணம் விட்டு முழுகின பிறகுதான் அடுப்பு. தண்ணீர்க் குடத்துக்குள் தர்ப்பை. பாணும் சம்பலும் பிளேன்டீயும் ஏழரைக்கே முடிந்தது. ஒரு வெண்கலத் தட்டில் தண்ணீர் விட்டு உலக்கையை நிறுத்தினார், நின்றது. மறுநாளும் நாங்கள் நிறுத்திப் பார்த்தோம், அப்பவும் நின்றது. அம்மம்மாவுக்குச் சொல்லவில்லை.

சிக்கல் ஹற்றன் நண்பியால் வந்தது. அவளுக்கு ஐந்தாம் மாதம். “பிள்ளை, நீ உள்ளுக்க இரு மோனை” என்று அம்மம்மா கையைப் பிடித்துவிட்டார். கருவுக்குக் கிரகணத்தால் ஒன்றும் ஆகாது, கண்ணைத்தான் காப்பாற்ற வேண்டும், அது எல்லோருக்கும் ஒன்றுதான் என்று எங்களில் இரண்டு பேர் விளங்கப்படுத்தத் தொடங்கினார்கள். அம்மம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எல்லாம் சரி, நான் அவளை மட்டும்தான் கேக்கிறன்” என்றார். நண்பியே ஒரு வழி சொன்னாள். விறாந்தையில் கூரைக்குக் கீழே இருப்பாள், முற்றத்துக்கு வர மாட்டாள். மற்றவள் குசினிக்குள் போய் இடியப்ப உரலை எடுத்து வந்தாள், மெனிக் பாம்காரி. விறாந்தை ஓரம் வெயிலில் நின்று உரலின் அடித்தட்டைப் பிடிக்க, சீமெந்துத் தரையில் வரிசையாகச் சின்னப் பிறைகள் விழுந்தன. அம்மம்மாவும் குனிந்து பார்த்தார். “இதுக்குள்ளால இவ்வளவு நாளும் மாவைத்தான் பிழிஞ்சன்” என்றார். அவரை நாங்கள் திருத்தினோம் என்று எழுத மாட்டோம். முழுகாமல் அவர் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

புத்தளத்து நண்பர் தொழ வேண்டும் என்றார். கிரகணத்துக்கென்று முஸ்லிம்களிடம் தனித் தொழுகை இருக்கிறது. எங்களில் பாதிப் பேருக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அம்மம்மா முன் அறையில் புதுப் பாய் விரித்துக் கொடுத்தார். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெருக் குடும்பம். 1990 ஒக்டோபர் 30இல் வெளியேற்றப்பட்டது, அவர் பிறந்தது புத்தளத்தில். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குள் தொழுவது அவருக்கு அதுவே முதல் தடவை. ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகான அந்த வருடத்தில் பஸ்ஸில் வருகிறபோது எத்தனை இடத்தில் அடையாள அட்டையும் பையும் பார்த்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, கூட வந்தவர்கள் சொன்னார்கள். ஒக்டோபர் 30 என்ற அதே திகதியில், ஐந்து வருடம் கழித்து, அந்த அம்மம்மாவும் இதே வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர். திகதிகள் பொருந்துவதால் நியாயங்கள் பொருந்திவிடாது. அவர்களுக்குத் திரும்பி வர எடுத்த காலமும் ஒன்றில்லை. எங்கள் பக்கத்தில் இதைப் பேசுகிறபோது முதல் இடப்பெயர்வை அடிக்குறிப்பாக்கி இரண்டாவதைத் தலைப்பாக்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்கு ரேடியோவில் அறிவித்தல் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இறந்தவர்களுக்காக ஒவ்வொரு வருடமும் 9.25 முதல் 9.27 வரை நாடு முழுவதும் மௌனம். கிரகணத் திகதியை யோசித்த எங்களுக்கு, அந்த நேரமும் கிரகணத்தின் நடுவில்தான் வரும் என்று தோன்றவில்லை. மட்டக்களப்பு நண்பர் எழுந்து நின்றார். அவருடைய பெரியம்மா குடும்பம் நாவலடியில் இருந்தது. எல்லோரும் எழுந்தோம். யாரும் கண்ணாடியைப் போடவில்லை. சூரியன் அப்போது மேலே ஒரு மெல்லிய பிறையாகிக்கொண்டிருந்தது, முற்றத்து வெயில் நிறமிழந்து போயிருந்தது. பின்னேரம் மாதிரியும் இல்லை, மழை இருட்டு மாதிரியும் இல்லை. நிழல்கள் மட்டும் கத்தியால் வெட்டின மாதிரிக் கூர்மை. தரையில் இருந்த பிறைகளை ஹற்றன் நண்பி பார்த்துக்கொண்டே நின்றாள்.

பத்து நிமிடம் கழித்து வளையம். மேகம் வந்து வந்து விலக, மூன்று நிமிடமளவில் நாலு கண்ணாடியும் பதினொரு பேரின் கையில் ஓடியது. ஒருவருக்கு இருபது விநாடியும் கிடைத்திருக்காது. காகங்கள் வேம்பில் வந்து இருந்தன. அடுத்த வீட்டில் யாரோ சட்டியைத் தட்டினார்கள். பதினொன்றரைக்குள் எல்லாம் விட்டுவிட்டது, கிணற்றடியில் வரிசை.

அன்று பின்னேரம் மேசையில் பேசினதில்தான் இந்தக் கட்டுரையின் பாதி வந்தது. 1995இல் எங்கே, 2010இல் எங்கே என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்க, அம்மம்மா 1955ஐச் சொன்னார், அப்போது அவருக்குப் பதினொரு வயது, கறுப்புக் கண்ணாடித் துண்டை விளக்குப் புகையில் பிடித்துப் பார்த்தாராம். (இதை யாரும் இப்போது செய்ய வேண்டாம், எக்ஸ்ரே படத்தாலும் மஞ்சள் தண்ணீரில் விழும் நிழலாலும் பார்க்க வேண்டாம். முறையான கிரகணக் கண்ணாடி, அல்லது 14ஆம் இலக்க வெல்டிங் கண்ணாடி. இல்லாவிட்டால் இடியப்ப உரல்.)

கிரகணங்களுக்கு நாள் முன்கூட்டியே தெரியும் என்பதால் அவற்றைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது சுலபம். திகதியைச் சொல்லி, அண்டைக்கு எங்க இருந்தனீங்கள் என்று கேட்டால் போதும். 1980 பெப்ரவரி 16இலும் இந்தியாவில் முழுக் கிரகணம், இங்கே பகுதி. யாழ் நூலகம் எரிவதற்கு முந்திய வருடம். அந்த நாளைப் பற்றி எங்களிடம் இன்னும் ஒரு குரலும் இல்லை. 2020 ஜூன் 21 கொரோனாக் காலத்து ஞாயிறு, அதற்கு நிறைய இருக்கிறது, எல்லோரும் வீட்டில்தானே இருந்தோம்.

இனி 2027 ஆகஸ்ட் 2 பின்னேரம், சூரியன் விழுகிற நேரத்தில் ஒரு பகுதிக் கிரகணம். பிறகு 2031 மே 21, புதன்கிழமை. மறுபடி வளையம், பாதை தென்னிந்தியாவைக் கடந்து இலங்கையின் வடமுனையால் போகும். மே 18க்கு மூன்றாம் நாள். முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றிவிட்டு வருகிறவர்கள் அந்த வாரம் இன்னும் ஊரில்தான் நிற்பார்கள்.